யார் பேரில் எழுதுவது?

அத்தியாயம் பதினொன்று

போர்டு காலையிலேயே வந்துவிட்டது.

பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி, சைக்கிளின் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார் பெயின்டர். பெரியவர் அப்போதுதான் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். மீதியை மறந்து குனிந்து வெளியே வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கினார். பெயின்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

காகிதத்தைப் பிரித்தார். வெள்ளையில் நீல எழுத்து. மேலே தம்பியின் பெயர். அதன் கீழே ‘நினைவு அறக்கட்டளை’. அதற்கும் கீழே, ‘சக்கர நாற்காலிகள் இலவசமாகப் பழுது பார்க்கப்படும்’.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையின் பின்கட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டார். “என்னடா, நல்லா இருக்கா?”

பதில் இல்லை. எப்படி வரும்? கேட்கப்பட்ட ஆள் போய் ஐந்தாறு மாதம் ஆகிறது.

முதலிலிருந்து கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

இது அண்ணன் தம்பி இருவரின் கடை. வீல்சேர், வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் பழுது பார்க்கிற கடை. முன்பக்கம் கவுண்ட்டரில் அண்ணன், பேச்சுக்கு. திரைக்குப் பின்னால் பட்டறை மேஜையில் தம்பி சின்னவன், வேலைக்கு. கிரைண்டர் சத்தத்தில் கத்திப் பேச முடியாது என்பதால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அண்ணன் முன்னாலிருந்து கேட்பார். தம்பி கையிலிருக்கும் ஸ்பேனரால் மேஜையில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் சரி. ஒரு தட்டு என்றால் வேண்டாம். டீ சொல்லட்டுமா, இந்த வேலையை இன்றைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா, எல்லாவற்றுக்கும் அதுதான். “அந்தத் தையல்காரப் பொண்ணு புடிச்சிருக்காடா?” என்று கேட்டபோது இரண்டு தட்டு வந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு வந்தது. அண்ணன் அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்காமல் இந்தக் கடையில் ஒரு திருகாணி மாறியதில்லை.

ஒரு நாள் அந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்தான் சின்னவன். பிறகு எழுந்திருக்கவில்லை.

பெரியவர் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. இன்றும் கேட்கிறார். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறார். மௌனம் சம்மதம் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அது எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறதோ, தெரியவில்லை. அறக்கட்டளை யோசனைக்கும் அப்படித்தான் தம்பியின் சம்மதம் வாங்கினார்.

தம்பி மனைவியிடமும் அதே கதைதான். அந்தத் தையல்காரப் பெண்தான் அவள். வீல்சேர்களுக்கு சீட்டும் முதுகுத் துணியும் வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்தவள். சின்னவன் அவளை ‘ஊசி’ என்பான், தன் அக்காவை ‘கத்தரி’ என்பான், நடுவில் நான்தான் கிழிஞ்ச துணி என்று சிரிப்பான். அக்காவை இன்றும் எல்லோரும் கத்தரி என்றுதான் சொல்கிறார்கள், அந்த வாய்க்கு அது பொருத்தம். ஊசியை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. நானாவது கூப்பிடுகிறேன்.

போன வாரம் அவளைப் பற்றி ஒன்று சொன்னேன். பெரியவர் மதியம் சாப்பிடப் போனால் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்த நேரத்தில் ஊசி, புருஷனின் சாவியால் சந்துப் பக்கத்துக் கதவைத் திறந்து பட்டறைக்குள் வருகிறாள். பெரியவர் காலையில் தப்பும் தவறுமாக மாட்டி வைத்திருக்கிற பேரிங்கைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறாள். பிரேக்கைச் சரி செய்கிறாள். ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பெரியவர் தன் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கை, பாவம், நட்டு எது போல்ட்டு எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்றைய நாளுக்கு வருவோம். இன்றைக்கு இரண்டு வேலை. காலையில் வக்கீல். மாலையில் கட்டடத்தின் சொந்தக்காரர் புது வாடகை ஒப்பந்தத்தோடு வருவார். பழையது இரண்டு தம்பிமார் பேரிலும் சேர்த்து எழுதியது... பாருங்கள், எனக்கே தடுமாறுகிறது. அண்ணன் தம்பி பேரில் எழுதியது. அது முடிகிறது. புதிதாக யார் பேரில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

*

வக்கீல் அம்மாவின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே. மூக்கடைப்போடு உட்கார்ந்திருந்தார். பெரியவர், ஊசி, கத்தரி மூவரும் உள்ளே போனபோது யாரோ ஒருவருக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார், நண்பராக இருந்தால் என்ன, சித்தப்பாவாக இருந்தால் என்ன, வீட்டை வாடகைக்கு விட்டால் எழுதி வாங்குங்கள், பின்னால் நட்பும் போகும் வீடும் போகும் என்று. ஒரு நாளைக்கு அதைப் பத்துப் பேருக்குச் சொல்வார் போலிருக்கிறது. குரலில் அப்படி ஒரு அலுப்பு.

பெரியவர் வந்த விஷயத்தைச் சொன்னார். கூட்டுக் கடையை அறக்கட்டளையாக மாற்ற வேண்டும், தம்பி பேரில்.

வக்கீல் அம்மா பழைய கூட்டுப் பத்திரத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மாற்றுவதற்குக் கூட்டு என்று ஒன்று இருந்தால்தானே என்றார்.

“ரெண்டு பேர் சேர்ந்து நடத்தற தொழில்ல ஒருத்தர் இறந்துட்டா, அன்னைக்கே அந்தக் கூட்டு முடிஞ்சுது. உங்க பத்திரத்துலயும் வேற மாதிரி எழுதலை.”

“நான் தினமும் கடையைத் திறக்கறேனேம்மா.”

“திறக்கறீங்க. ஆனா கூட்டு இல்லை.”

பெரியவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். தம்பி செத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னபோது கூட அவர் இப்படி உட்காரவில்லை. அன்று ஓடுவதற்கு வேலை இருந்தது. இன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நீங்கள் இருவரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கத்தரி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யார் கையையும் பிடிக்கிறவள் அல்ல.

வக்கீல் அம்மாவும் மனுஷிதான். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இனி மூன்று வழி உண்டு. பெரியவர் தனி ஆளாகத் தொழிலை நடத்தலாம், அப்படியென்றால் தம்பியின் பங்கைக் கணக்குப் பார்த்து அவர் மனைவியிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் தம்பி மனைவியைச் சேர்த்துக்கொண்டு புதிதாக ஒரு கூட்டுப் பத்திரம் எழுதலாம். மூன்றாவது, அறக்கட்டளை.

“மூணாவதுதான்,” என்றார் பெரியவர்.

“அப்ப ஒண்ணை மனசுல வாங்கிக்கோங்க. அறக்கட்டளைக்குக் குடுத்தது உங்களோடது இல்லை. யாரோடதும் இல்லை. லாபம் வந்தா பிரிச்சு எடுத்துக்க முடியாது. நாளைக்கு மனசு மாறுச்சுன்னா திரும்ப வாங்கிக்கவும் முடியாது. வேலை செய்யறவங்க நியாயமான சம்பளம் வாங்கலாம், அவ்வளவுதான்.”

பெரியவர் தலையை ஆட்டினார். எனக்கு எதற்கு, என் ஒரு வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்றார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியையும் தங்கையையும் ஆளாக்கிய மனிதர். அவர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதைக் கணக்குப் போட்டாலும் அந்த ஒரு வயிற்றை வைத்தே போடுவார். இன்னும் இரண்டு வயிறு இருக்கிறது, ஊசியுடையது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவள் மகளுடையது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வக்கீல் அம்மாவுக்குத் தோன்றியது. ஊசியின் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்டுக்காரரோட பங்கு உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் சேர வேண்டியது. அதை அறக்கட்டளைக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

ஊசி முந்தானை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள்.

“அவ ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா,” என்றார் பெரியவர். “நான் சொன்னா சரிதான் அவளுக்கு.”

“நான் அவங்களைத்தான் கேட்டேன்.”

ஊசி மெதுவாக, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அது. அடிபட்ட பார்வை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்துதானே அவள் இத்தனை மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டார் பெரியவர். மாலையில் அறக்கட்டளை பேரிலேயே எழுதிவிடலாமா? வக்கீல் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார், பதிவாகாத அறக்கட்டளை பிறக்காத பிள்ளை மாதிரி, பிறக்காத பிள்ளை எந்தக் கடையையும் வாடகைக்கு எடுக்க முடியாது. அதன் பேரைச் சொல்லி இன்று யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் தலையில்தான் எல்லாம் விடியும். அவசரப்படாதீர்கள் என்றார்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். ஆனால் போர்டு வந்துவிட்டதே. போர்டைப் பற்றி இந்தப் பெண்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது. மாலையில் மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார், ஊசி சந்தோஷப்படுவாள் என்று.

*

பெரியவர் கடைக்குப் போய்விட்டார். நாத்தனாரும் தம்பி மனைவியும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். கத்தரி தபால் அலுவலகக் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறாள், அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். அவளுடைய பஸ் ஒன்று வந்தது. ஏறவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்ட தோரணை வழக்கமான கத்தரித் தோரணைதான். அண்ணன் எப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார், அந்த நேரத்திலா யோசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும்? உனக்கு என்ன குறை வைக்கப் போகிறோம், தபால் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கு உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், மாதம் பிறந்தால் சம்பளம் வரும்.

ஊசி தன் உள்ளங்கையை விரித்து நாத்தனார் மடியில் வைத்தாள். எதற்கு என்று புரியாமல் கத்தரி குனிந்து பார்த்தாள். நக ஓரங்களில் கறுப்பாக கிரீஸ் ஏறியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு. அவள் தம்பியின் கையும் கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

“கடையில வேலை பார்த்திட்டிருக்கறது நான்தான், அண்ணி.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டுத் துணி மாட்டுவதற்காகச் சாயங்காலங்களில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தபோதே பாதி கற்றுக்கொண்டது. மீதியை அவன் போன பிறகு, அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன ஒரு நாற்காலியைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. அந்த முதல் நாற்காலி ஒரு வாரம் எடுத்ததையும், முடித்த அன்றுதான் தனக்கு அழுகையே வந்ததையும் சொன்னாள்.

கத்தரி அந்தக் கறுப்பு நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள்.

“எப்படிச் சொல்றது? புருஷன் போன சூடு ஆறல, அதுக்குள்ள பங்கு கேக்க வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்க,” என்றாள் கத்தரி. “முதல் ஆளா நானே சொல்லியிருப்பேன்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“மாமாவுக்கு வேண்டியது உங்க தம்பி பேரு. அவர் வேலை எனக்கு வேணும் அண்ணி. சும்மா சம்பளத்துக்கு இல்லை, சொந்தமா. அவர் உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து, நானும் என் பொண்ணும் அதுல சாப்பிடணும். ஏழைங்க வந்தா அவர் மாதிரியே சும்மா செஞ்சு குடுப்பேன், அதுக்கு போர்டு எதுக்கு?”

போர்டு என்று ஏதோ பேச்சுக்குத்தான் சொன்னாள்.

அண்ணனிடம் நான் பேசட்டுமா என்று கேட்டாள் கத்தரி. வேண்டாம் என்று தலையசைத்தாள் ஊசி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நீயே வாயைத் திறந்து கேள் என்று கத்தரி அவளை எழுப்பி விட்டாள். இன்றைக்கே கேள், மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அண்ணன் வாக்குத் தவற மாட்டார், பிறகு உலகமே சொன்னாலும் அவரைத் திருப்ப முடியாது. அது ஊசிக்கும் தெரியும்.

*

மாலை, வெயில் தணிகிற நேரத்தில் பாட்டு டீச்சர் கடைக்கு வந்தார். வீல்சேரிலேயே வாழ்கிறவர். போன வாரம்தான் அதைப் பழுதுக்குக் கொடுத்து வாங்கிப் போயிருந்தார். கடை வாசலில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றார்.

“எனக்கு வலது கை பலம் கம்மின்னு, உங்க தம்பி வலது பக்கத்து பிரேக்கை மட்டும் கொஞ்சம் லேசா விட்டு வைப்பார். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். நீங்களும் அப்படியே வச்சிருக்கீங்க.”

பெரியவர் ஏதோ சொல்லி அனுப்பி வைத்தார். அவருக்கு அந்த பிரேக் விஷயம் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே இறுக்காக இறுக்கி வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

திரையை விலக்கிப் பட்டறைக்குள் போய் நின்றார். மேஜை மேல் ஸ்பேனர்கள் துடைத்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருந்தன. அவர் துடைத்து வைக்கிறவர் அல்ல. அதையும் அவர் பார்த்தார். நீங்களும் நானும் என்றால் இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்று சொல்லிவிடுவோம். பெரியவர் கூட்டவில்லை. கூட்டினால் வருகிற விடை அவருக்கு வேண்டாம், அவருக்கு வேண்டியது வேறு ஒரு விடை. தம்பியின் முக்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “நீ இங்கதாண்டா இருக்கே,” என்றார்.

நான் என்ன சொல்ல. அறுபதை நெருங்குகிற மனுஷன், வெறும் முக்காலியோடு பேசிக்கொண்டு நிற்கிறார்.

முன்னால் வந்து ஏணியைச் சாய்த்து வைத்தார். போர்டை எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். அதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். யாரோடு பேசினாலும் கண் அவர்கள் வாய்க்குள் போகும். கெட்டவர் இல்லை. செல்போன் கடை வைக்க ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இருந்தாலும் உங்களை விட எனக்கு மனசு வரவில்லை என்றார். ஒப்பந்தத்தைக் கவுண்ட்டரில் விரித்தார். எல்லாம் அச்சடித்து வந்திருந்தது, வாடகைக்கு எடுப்பவர் பெயருக்கு மட்டும் ஓர் இடம் விட்டிருந்தது.

“யார் பேர்ல எழுதறது?”

ஊசி அப்போது சந்துக்குள் நின்றிருந்தாள். முன்வாசல் வழியாக வந்து நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். தெருமுனையில் வரும்போதே ஏணி தெரிந்தது. சுவரோரம் நீல எழுத்துத் தெரிந்தது. தன் புருஷனின் பெயரை அவ்வளவு பெரிதாக அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. அதன் கீழே ‘நினைவு’ என்ற சொல்லையும் பார்த்தாள். கால் தன்னால் சந்துப் பக்கம் திரும்பிவிட்டது. சாவியைப் போட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, முக்காலியில் உட்கார்ந்தாள். இனி வாயைத் திறக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது.

“தம்பி பேர்ல எழுதுங்க, டாக்டர். அறக்கட்டளைன்னு. கையெழுத்து நான் போடறேன்.”

அது பதிவாகிவிட்டதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, ஆனால் பொறுப்பு என்னுடையது என்றார் பெரியவர். டாக்டர் தயங்கினார். போர்டில் மட்டும் இருக்கிற பேருக்குக் கடையை விட அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் எழுதினார். பேனாவைத் திருப்பி நீட்டினார்.

பெரியவர் வாங்கிக்கொண்டார். காகிதத்தில் வைக்கப் போனவர் நிறுத்தினார். டாக்டரும் காத்திருந்தார். ஒவ்வொரு தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் இந்த இடத்தில் அவர் காத்திருந்துதான் பழக்கம். வயதான ஆண்கள் இருவரும், நினைத்துச் செய்யாமல், பின்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

“சரியாடா?”

டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தப்பு நடந்துவிட்டது போல, யாருடைய வீட்டுக்குள்ளோ எட்டிப் பார்த்துவிட்டது போல அவருக்கு ஆகிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

டக்.

பெரியவரின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. ஐந்தாறு மாதமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம் வந்தது. அவன்தான், வேறு யார். அந்த ஒரு நொடி மட்டும் அவருக்குத் தம்பி உயிரோடு இருந்தான். அந்த நொடியை அவருக்குக் கொடுத்ததற்கு ஊசியைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தார். டாக்டரும் காத்திருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

இரண்டாவது தட்டு வரவில்லை.

மலர்ந்த முகம் மெதுவாகத் திரும்பத் தன் இடத்துக்கு வந்தது. செத்தவர்கள் தட்ட மாட்டார்கள் என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. கூடவே மற்றவையும் வந்து சேர்ந்தன. துடைத்து வைத்த ஸ்பேனர், லேசாக விட்ட வலது பிரேக், காலையில் வக்கீல் அம்மா கேட்டபோது திறந்து பாதியில் மூடிய ஒரு வாய். பேனாவைக் காகிதத்தின் மேல் கிடத்தினார்.

ஒரு தட்டு என்றால் வேண்டாம். இருபது வருஷத்தில் அந்த ஒரு தட்டுக்கு அவர் எதிர்க் கேள்வி கேட்டதே இல்லை. தம்பி வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

இன்றைக்குக் கேட்டார். குரல் எழும்பவில்லை. ஆனாலும் திரை வரைக்கும் போயிற்று.

“ஏம்மா?”

அந்தக் கேள்விக்கு ஸ்பேனரால் பதில் சொல்ல முடியாது. பின்கட்டில் முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது.